எம்-சாண்ட்: தரம் சரி, மலையின் கணக்கு எங்கே?

திருச்சிக்கு அருகே நாங்கள் கட்டிய வீட்டில் அடித்தளக் காங்கிரீட், கட்டுவேலை, பூச்சு ஆகிய மூன்றுக்கும் உடைத்த கல் மணலையே, அதாவது எம்-சாண்டையும் பூச்சுக்கென்று வரும் பி-சாண்டையும் மட்டுமே பயன்படுத்தினோம். ஆற்று மணல் ஒரு கூடைகூட வாங்கவில்லை. பொருளின் தரத்தை மட்டும் எழுதுவதென்றால் இந்த மதிப்புரை விரைவில் முடிந்துவிடும். ஆனால் விற்பனையாளர்கள் இதை வெறும் மணலாக விற்பதில்லை. ஆற்றைக் காக்கும் மணல் என்றும், சுற்றுச்சூழலுக்கு உகந்த மணல் என்றும் விளம்பரப் பலகையில் எழுதி விற்கிறார்கள். ஒரு குணத்தைச் சொல்லி விற்கும்போது அந்தக் குணத்தையும் சோதித்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முதலில் பொருள். கருங்கல்லை வெடிவைத்துப் பெயர்த்து, ஜா கிரஷரிலும் கோன் கிரஷரிலும் படிப்படியாக நொறுக்கி, கடைசியாக வி.எஸ்.ஐ. எனப்படும் இயந்திரத்தில் கல்லோடு கல்லை வேகமாக மோதவிட்டு உடைக்கிறார்கள். இந்த மூன்றாம் கட்டத்தில்தான் துகளின் கூரிய முனைகள் மழுங்கி, ஏறத்தாழக் கனசதுர வடிவம் வருகிறது. பிறகு 4.75 மி.மீ.க்குக் கீழான துகள்களைச் சலித்து, மிக நுண்ணிய தூளை நீரில் கழுவி நீக்கிவிட்டால் கிடைப்பது எம்-சாண்ட். வி.எஸ்.ஐ. இல்லாத, ஜல்லி மட்டும் உடைக்கும் ஆலைகளில் அடியில் விழும் தட்டையான தூள் கிரஷர் டஸ்ட். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். இரண்டும் ஒரே மாதிரி டிப்பரில் வரும். விலையில் இருக்கும் வேறுபாடே இந்த வணிகத்தின் பெரும்பாலான ஏமாற்றுக்குக் காரணம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 383 தரநூல் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பில் இயற்கையாகக் கிடைக்கும் கற்களையும் மணலையுமே கருதி எழுதப்பட்டது. 2016-இல் வந்த திருத்தம்தான் தயாரிக்கப்பட்ட மணலுக்கும் கட்டட இடிபாட்டிலிருந்து மீட்கும் கல்லுக்கும் முறையான இடம் கொடுத்தது. அதன்படி உடைத்த கல் மணலில் 150 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம். 75 மைக்ரானுக்கும் கீழான மிக நுண்ணிய தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆற்று மணலில் இந்த நுண்தூளுக்கு 3 சதவீதம்தான் வரம்பு. அங்கே நுண்தூள் என்றால் பெரும்பாலும் களிமண். இங்கே அது கல்தூள், சிமென்ட்டோடு ஓரளவு ஒத்துப்போகும் என்பதால் இந்தச் சலுகை. வாங்குகிறவர்கள் சல்லடைப் பகுப்பாய்வு அறிக்கையைக் கேட்டு, 600 மைக்ரான் சல்லடையைக் கடப்பது 35 முதல் 59 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். துகள் அளவை வைத்துத் தரநூல் பிரிக்கும் வகைகளில் அது இரண்டாம் மண்டலம், காங்கிரீட்டுக்கு ஏற்றது.

எங்கள் காங்கிரீட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. 28-ஆம் நாள் சோதனையில் எம்20 (20 என்பது வலுவின் அளவு) கலவை எதிர்பார்த்த வலுவைத் தாண்டியே நின்றது. ஆற்று மணலில் வருவதுபோல வேர், கிளிஞ்சல், களிமண் உருண்டை எதுவும் வராததால் சலித்தெடுக்கும் கூலி மிச்சமாயிற்று. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: துகள் உருண்டையாக இல்லாமல் மூலைகளோடு இருப்பதால் கலவை ஆற்று மணலைப் போல வழுக்கிக்கொண்டு ஓடாது. அதைப் பார்த்ததும் ஆட்கள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றத் தொடங்குவார்கள்; அங்கேதான் வலு போகிறது. நீரைக் கூட்டாமல், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற வேதிப்பொருளைப் பொறியாளர் சொல்லும் அளவில் சேர்ப்பதே சரியான வழி.

பூச்சு வேலையில் எம்-சாண்ட் கூடாது, 2.36 மி.மீ.க்குக் கீழ் சலித்த பி-சாண்ட்தான் வேண்டும். அதிலும் எங்கள் கொத்தனாருக்கு முழு நிறைவில்லை. கரண்டி ஓடவில்லை என்பது அவருடைய நிரந்தரப் புகார். மேற்குச் சுவரில் மயிரிழை விரிசல்கள் வந்தன. அந்தச் சுவருக்கு இறங்கிய லோடில் கழுவப்படாத தூள் மிகுதி என்பது பின்னர் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரோடு குலுக்கி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. விற்றவர் அதை 'டபுள் வாஷ்' என்றுதான் பில் போட்டிருந்தார். உள்ளங்கையில் ஈர மணலை அழுத்தித் தேய்த்துவிட்டு உதறினால் கையில் மாவு போல ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. லோடு இறங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். நிறத்தையும் பார்க்கலாம். நல்ல கருங்கல்லிலிருந்து வந்தது நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்பழுப்பு ஏறியிருந்தால் மேலடுக்கின் உளுத்த கல்லையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒன்று மட்டும். 100 கனஅடி கொண்ட யூனிட் கணக்கில் வாங்குவதால், நனைந்து உப்பிய மணலுக்கும் அதே பணம்தான் கொடுக்கிறோம். கனிமங்களுக்கு மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் தீர்ப்பளித்த பிறகு, தமிழக அரசு கனிமம் உள்ள நிலங்களுக்குத் தனி வரி கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், எம்-சாண்ட் விலை எகிறியதும் கட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வரி மலையடிவார ஊர்களுக்கு எவ்வளவு திரும்புகிறது என்ற கேள்வி அப்போது விலைச் சண்டையின் இரைச்சலில் கேட்கவே இல்லை.

இனி வாக்குறுதிக்கு வருவோம். ஆற்றைக் காக்கிறது என்பது பெருமளவு உண்மை. அதை மறுக்க முயல்வது நேர்மையாகாது. ஆற்று மணல் வெறும் கட்டுமானப் பொருளல்ல. அது நீரைப் பிடித்து வைத்துக் கரையோரக் கிணறுகளுக்கு விடும் அடுக்கு. பாலாற்றின் கரைகளில் இந்த அடுக்கைச் சுரண்டிய பிறகு கிணறுகள் என்ன ஆயின என்பதை வேலூர், காஞ்சிபுரம் பக்கத்து உழவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய பாலத் தூண்கள் சாய்ந்ததும், முக்கொம்பில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் நடந்தபோது, ஆற்றுப்படுகை தாழ்ந்துபோனது பற்றிய பேச்சு இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடந்தது. மணல் அள்ளுவதை 2003 அக்டோபரில் அரசே எடுத்துக்கொண்ட பிறகும் அளவு மீறல் நிற்கவில்லை. மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூட வேண்டும் என்று 2017 நவம்பரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அது அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் கணக்கிட்டது. அந்தச் சுமையில் ஒரு பங்கை ஆற்றிலிருந்து இறக்கி வைத்தது எம்-சாண்ட்தான்.

இறக்கி வைத்த சுமை மலைமேல் ஏறியிருக்கிறது. ஆற்று மணலையாவது, அணைகள் தடுக்காத அளவுக்கு, அடுத்தடுத்த வெள்ளம் கொஞ்சம் கொண்டுவந்து போடும், அது வட்டி. மலையோ மூலதனம். தமிழ்நாட்டில் நாம் அரைத்து மாவாக்கும் சார்னோக்கைட் என்னும் கருங்கல் பாறைகளில் பல ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை. அவற்றுக்கு மறுவிளைச்சல் கிடையாது. ஒரு சிறு குன்று என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பார்க்கலாம். அங்கே ஏழு குன்றுகள், அவற்றைச் சார்ந்து 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்று கணக்கெடுத்துத்தான் 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அதை அறிவித்தார்கள். அப்படி அறிவித்த இடத்தையும் சேர்த்து இரண்டே ஆண்டுகளில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் விட்டதும், மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் வேறு கதை. அரிட்டாபட்டி தப்பியது, அதன் பெயர் வெளியே தெரிந்ததால். புதுக்கோட்டை, கரூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பெயர் தெரியாத குன்றுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று சொன்னது. தமிழ்நாட்டு விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது. பட்டா நிலத்தின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும். செங்குத்தாக வெட்டாமல் படிப்படியாக இறங்க வேண்டும். காப்புக்காடுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் கொண்டுவந்த தடையை, ஓராண்டு கழிந்ததும் 2022 டிசம்பரில் அரசே தளர்த்தியது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற பலகைக்குப் பின்னால் இந்தத் தளர்வும் இருக்கிறது என்பதை வாங்குகிறவர் அறிந்திருப்பது நல்லது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று நாம் பேசுவது பெரிய சுரங்க நிறுவனங்களை மனத்தில் வைத்து. கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்பு அல்லது 1,000 கோடி விற்றுமுதல் அல்லது 5 கோடி நிகர லாபம் என்ற வரம்பை எட்டிய கம்பெனிகளை மட்டுமே லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. நம் ஊர்க் கல்குவாரிகளும் கிரஷர்களும் பெரும்பாலும் தனியாள் உரிமையோ பங்குதாரர் நிறுவனமோ ஆனதால் அந்த வலையில் சிக்குவதே இல்லை. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 மே 1-இல் வெளியிட்ட குறிப்பாணை இந்த ஓட்டையை ஓரளவு அடைக்க முயன்றது. 100 கோடி வரை முதலீடுள்ள புதிய திட்டங்கள் அதில் 2 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்றது. 2020 செப்டம்பர் 30-இல் அந்தச் சதவீதக் கணக்கு கைவிடப்பட்டு, மக்கள் சொல்லும் குறைகளையொட்டிய பணிகளைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று மாறியது. கல்குவாரிகளின் அனுமதிக் கடிதங்களைப் புரட்டினால் இந்தத் தலைப்பில் அடிக்கடி தென்படுவது அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை, நூலகம், சில மரக்கன்றுகள். பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும்தான். அதைக் கட்டித்தர வேண்டியது அரசு. குவாரி கட்ட வேண்டிய கடன் வேறு: வெடியதிர்வில் விரிசல் விட்ட சுவர், வற்றிய கிணறு, சோளத்தட்டையில் படியும் வெண்தூசு. கழிப்பறையைக் காட்டி இந்தக் கடனைக் கழித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களுக்கு மணல் வந்த வட்டாரத்தில் கிரஷர்களை நேரில் பார்த்தேன். ஒன்றில் நொறுக்கும் இடம் தகடு போட்டு மூடப்பட்டிருந்தது, பட்டைகளின் மேல் நீர் தெளிப்பான் ஓடியது, மணல் கழுவிய நீர் தொட்டிகளில் தெளிந்து மறுபடியும் கழுவவே சென்றது. இன்னொன்றில் கழுவிய குழம்பு நேரே ஓடையில் இறங்கியது. அந்த ஓடை போய்ச் சேருவது ஒரு கண்மாய். கண்மாயின் அடியில் கல்தூள் படிந்தால் நீர் கீழே இறங்காது. இரண்டு ஆலைகளின் மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஐ.எஸ். 383 சோதனைக்கும் தெரியாது, அது துகளின் அளவையும் வலுவையும் பார்க்கும் சோதனை. விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. முறையாக நடத்துபவர் செலவழித்த பணத்துக்கு இந்தச் சந்தையில் எந்தக் கூலியும் கிடையாது.

தூசியின் விலையை முதலில் கொடுப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்கள். கருங்கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து கிடையாது. 2022 மே 14 இரவு திருநெல்வேலி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் பாறைச் சரிவு, மறுபடியும் சாவுகள். அதே ஆண்டு ஜனவரியில், திருமயம் வட்டாரத்துச் சட்டவிரோதக் கல்குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரி நடத்தியவர்கள் கைதானார்கள். எம்-சாண்ட் ஆலைகள் அனைத்தையும் இதில் சேர்த்துக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் பசுமை என்ற சொல்லை இந்தத் தொழில் இவ்வளவு எளிதாகப் பயன்படுத்துவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குவாரி முடிந்தபின் என்ன என்பதற்கு எழுத்தில் மூடல் திட்டம் உண்டு. நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு கம்பி வேலியும், மழைநீர் சேமிப்புக் குளம் என்ற பெயரும்தான். சென்னை மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளிலிருந்து 2017 வறட்சியில் நகரத்துக்குக் குடிநீர் எடுத்தார்கள். அது நல்ல பயன்தான். ஆனால் நீரின் தரத்தைச் சோதித்துக் குழாய் போட்டது பொதுப்பணம். தோண்டிப் போனவர்கள் யாரும் அதைத் திட்டமிட்டுவிட்டுப் போகவில்லை. அந்த ஒரு எடுத்துக்காட்டைக் காட்டி எல்லாக் குழிகளையும் நீர்நிலை என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. செங்குத்தான சுவர்களுக்கிடையே ஆழமாகத் தேங்கும் அந்த நீரில் ஆடு இறங்கிக் குடிக்க முடியாது. ஊரார் இறங்கினால் ஏற முடியாது.

ஒரு நுகர்வோர் என்ற முறையில் இந்தப் பொருளின் பெரிய குறை விவரமின்மை. லாரியோடு எனக்கு வந்த நடைச்சீட்டில் கிரஷரின் பெயரும் வண்டி எண்ணும் அளவும் இருந்தன. கல் எந்தக் குவாரியின் எந்தப் புல எண்ணிலிருந்து கிரஷருக்கு வந்தது என்பது அதில் இல்லை. விற்பனையாளரிடம் கேட்டேன், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். கிரஷர் மேலாளர் மட்டும் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஊரும் குத்தகைதாரர் பெயரும் தெரிந்துவிட்டால், மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தக் குவாரியின் அனுமதிக் கடிதத்தைத் தேடிப் படிக்கலாம்: எவ்வளவு ஆழம், எத்தனை ஆண்டு, எந்த நிபந்தனைகள் என்று அதில் இருக்கும். நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததைக் காட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய இணக்க அறிக்கையையும் கேட்டுப் பார்க்கலாம். பொட்டலப் பாலுக்குப் பண்ணையின் ஊரைக் கேட்கும் நாம், ஒரு வீட்டுக்கு டன் கணக்கில் இறங்கும் பொருளுக்கு இதைக் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் தெரியவில்லை. பொதுப்பணித்துறை ஆலைகளைப் பார்த்துத் தரச்சான்று கொடுக்கிறது. அந்தச் சான்றிலேயே குவாரியின் அனுமதி எண்ணையும் மூடல் திட்டத்தின் நிலையையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால் முறையாக நடப்பவருக்கும் ஓடையில் குழம்பை விடுபவருக்கும் இடையே சந்தையே வேறுபாடு காட்டத் தொடங்கும்.

தேவையைக் குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. இடித்த காங்கிரீட்டை நொறுக்கிச் சலித்த மீட்புக் கல்லை, எம்25 வரையிலான கம்பிக் காங்கிரீட்டில் 20 சதவீதம், கம்பியில்லாக் காங்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்க ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. திருச்சியில் எனக்கு அப்படி எதுவும் விலைக்குக் கிடைக்கவில்லை. பழைய வீட்டை இடித்த செங்கல் துண்டுகளையும் காரையையும் தரைக்கு அடியில் நிரப்பியதோடு எங்கள் பங்கு முடிந்தது.

கட்டுமானப் பொருளாக, வி.எஸ்.ஐ. உள்ள ஆலையில் முறையாகக் கழுவிய எம்-சாண்டுக்கு 5-க்கு 4 தருவேன், பி-சாண்டுக்கு 3. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற விளம்பரத்துக்கு 2, அதுவும் ஆற்றின் பங்குக்காக. மறுபடியும் கட்ட நேர்ந்தால் காங்கிரீட்டுக்கு இதையே வாங்குவேன். கழுவும் நீரை மறுசுழற்சி செய்த அந்த ஆலையிலிருந்து, தூரம் கூடுதல் என்பதால் லாரி வாடகை அதிகமானாலும், அங்கிருந்தேதான் வாங்குவேன். காம்பவுண்டுக்குள் முழுவதும் காங்கிரீட் தளம் போடும் யோசனையைக் கைவிட்டோம். வண்டி நிற்கும் இடம் தவிர மற்றது மண்தரைதான்.